பிரிக்ஸ் பிறந்த கதை

கச்சிராயபாளையத்தில் உள்ள கள்ளக்குறிச்சி இரண்டாம் கூட்டுறவு சர்க்கரை ஆலைக்குக் கரும்பு போடும் உழவருக்கு ‘பிரிக்ஸ்’ புதிய சொல் அல்ல. வெட்டுக்கு முன், தண்டைத் துளைத்து எடுத்த சாற்றில் ஓரிரு சொட்டைக் கைக்கருவியின் கண்ணாடியில் விட்டு வெளிச்சத்தில் பார்த்தால் ஓர் எண் தெரியும். 18-ஐத் தாண்டினால் கரும்பு முற்றிவருகிறது. அடிக்கணுவும் நுனிக்கணுவும் ஏறக்குறைய ஒரே எண்ணைக் காட்டினால் வெட்டலாம்.

அந்த எண் பிறந்தது கரும்பே விளையாத நாட்டில். பீட் கிழங்கிலிருந்து சர்க்கரை காய்ச்சிய ஐரோப்பிய ஆலைகள், சாற்றின் கெட்டியை மிதவைக் கருவியால் அளந்தன. பிரான்சின் போமே 1768-இல் வகுத்த அளவு உப்புக் கரைசலை வைத்து எழுந்தது. சர்க்கரை எத்தனை கிராம் என்று அது நேராகச் சொல்லாது. பிராகா நகர வேதியியலர் கார்ல் பாலிங் சர்க்கரையையும் தண்ணீரையும் எடைபோட்டுக் கரைத்து, ஒவ்வொரு கரைசலின் அடர்த்தியையும் அளந்து, 1843-இல் அட்டவணை தந்தார். ஜெர்மானியக் கணித அறிஞர் அடால்ஃப் பிரிக்ஸ் 1854-இல் அதைத் திருத்தி நுணுக்கமாக்கினார். 100 கிராம் கரைசலில் 1 கிராம் சர்க்கரை என்றால் 1 பிரிக்ஸ்.

இதில் என்னை வியக்கவைப்பது எடையைத் தேர்ந்ததுதான். இரண்டு திரவங்களைக் கலந்தால் கொள்ளளவு கூடுதலாகவோ குறைவாகவோ ஆகலாம். 100 மில்லி தண்ணீரில் 100 மில்லி சாராயம் ஊற்றினால் 200 மில்லி வராது. எடை அப்படி ஏமாற்றாது. 60 பிரிக்ஸ் பாகையும் 15 பிரிக்ஸ் சாற்றையும் கலந்து 40 பிரிக்ஸ் வேண்டுமா? 40-லிருந்து 15 போக 25 பங்கு பாகு. 60-லிருந்து 40 போக 20 பங்கு சாறு. அதாவது 5-க்கு 4. சரிபார்க்கலாம்: 300-உம் 60-உம் சேர்ந்து 360, ஒன்பதால் வகுத்தால் 40.

ஆவியாக்கும் கணக்கும் இதே வழிதான். 15 பிரிக்ஸ் சாறு 100 டன், 60 பிரிக்ஸ் பாகாக வேண்டுமென்றால் 75 டன் தண்ணீர் போக வேண்டும். சக்கையில் மிஞ்சிய இனிப்பை எடுக்க ஆலை தானே தெளிக்கும் தண்ணீரும் அதில் அடக்கம். தெளிப்பது கூடினால் கொதிகலனுக்கு வேலை கூடும். குறைந்தால் சர்க்கரை சக்கையோடு போகும்.

ஒன்றை உழவர் தெரிந்திருக்க வேண்டும். கரும்புச் சாற்றில் பிரிக்ஸ் காட்டுவது சர்க்கரையை மட்டும் அல்ல. கரைந்த உப்புகளும் அதில் சேரும். ஆகவே ஆய்வகத்தில் சர்க்கரையை ‘போல்’ என்று தனியாக அளந்து, பிரிக்ஸில் அது எத்தனை சதவீதம் என்று பார்த்து, சாற்றின் தூய்மையைக் கணக்கிடுகிறார்கள்.