அம்பாறைக் கரையோரத்தில் அனிமே

அனிமே என்பது ஜப்பானில் தயாராகும் அசைவூட்டப் படங்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களுக்கும் உலகெங்கும் வழங்கும் பெயர். இலங்கையின் கிழக்குக் கரையில், அம்பாறை மாவட்டத்தில், மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று எனக் கடலை ஒட்டியும், சற்று உள்ளே சம்மாந்துறையிலும் அமைந்த தமிழ் பேசும் முஸ்லிம் ஊர்களுக்கு இப்படங்கள் வந்து சேர்ந்த வழிகளை இக்கட்டுரை கூறுகிறது. அந்த வழிகளுள் ஒன்றுகூட இவ்வூர்களை எண்ணித் திறக்கப்பட்டதல்ல. அரபு நாட்டுப் பிள்ளைகளுக்கும் இந்தியத் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கும் என்று வாங்கப்பட்ட உரிமங்களின் ஓரத்தில் நின்றே இக்கரையோரம் அனிமே பார்த்து வந்திருக்கிறது.

நாடாக் காலம்

தேசுகா ஒசாமுவின் ‘அஸ்ட்ரோ பாய்’ 1963 ஜனவரி 1 அன்று ஜப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் என்பிசி நிறுவனம் அதை வாங்கி ஆங்கிலத்தில் வெளியிட்டது. முறைப்படி வெளிநாடு சென்ற படங்கள் குறைவு; பார்க்க விரும்பியவர்கள் அதிகம். ஆகவே 1977இல் லாஸ் ஏஞ்சலீசில் ரசிகர் சங்கமொன்று உருவாயிற்று. வீடியோ நாடாக்கள் தபாலில் கைமாறின. 1980களின் இறுதியில் ரசிகர்களே ஆங்கிலத் துணையுரை பதிக்கவும் கற்றுக்கொண்டனர். உரிமையாளரின் அனுமதியின்றி, பெரும்பாலும் இலாப நோக்கமும் இன்றி நடந்த அந்த வேலையின் நீட்சியே பிற்காலத்தில் கல்முனையின் பென் டிரைவ்கள் வரை வந்தது.

இலங்கைத் தொலைக்காட்சிக்கு ஜப்பானோடு நேரடி உறவுண்டு. 1982 பெப்ரவரி 15 அன்று சேவையைத் தொடங்கிய ரூபவாஹினி, ஜப்பான் அரசின் நன்கொடையால் எழுந்த நிலையம். ஜப்பானின் என்எச்கே நிறுவனம் தயாரித்த ‘ஒஷின்’ என்ற நாடகத் தொடர் சிங்களக் குரலில் ஒளிபரப்பாகி நாடெங்கும் பெயர் பெற்றது. அது அனிமே அன்று. ஆனால் ஜப்பானியக் கதையொன்றை உள்ளூர்க் குரலில் கேட்கலாம் என்பதை இந்நாட்டுக்குக் காட்டியது அதுதான். திரைப்பட இயக்குநர் டைட்டஸ் தொட்டவத்த ரூபவாஹினியில் வெளிநாட்டுக் கார்ட்டூன்களுக்குச் சிங்களக் குரல் கொடுக்கும் பணியை ஒரு கலையாகவே வளர்த்தார். அவர் உருவாக்கிய குரல்களைக் கேட்டு ஒரு தலைமுறைச் சிங்களப் பிள்ளைகள் வளர்ந்தனர். அதற்கு ஈடான தொடர்ச்சி தமிழில் ஏற்படவில்லை. இக்கரையோரத்தின் அனிமே வரலாறு முழுவதற்கும் அடியில் கிடக்கும் குறை இதுவே.

அந்நாட்களில் கரையோர ஊர்களில் பொழுதுபோக்கு என்றால் டெக் எனப்படும் வீடியோ நாடாக் கருவி. டீவியும் டெக்கும் ஓர் இரவுக்கு வாடகைக்கு எடுத்து, அயல்வீட்டாரும் கூடி இரண்டு மூன்று தமிழ்ப் படங்களை விடிய விடியப் பார்ப்பது வழக்கம். நாடாக்கள் நிறையத் தமிழ் சினிமாவே இருந்தது. அனிமேக்கு அங்கே இடமிருக்கவில்லை.

வளைகுடா வழி

1970களின் இறுதியிலிருந்து இவ்வூர்களின் ஆண்களும், பின்னர் பெண்களும் சவூதி அரேபியா, குவைத், கட்டார், அமீரகம் எனத் தொழிலுக்குச் சென்றனர். அவர்கள் போய் இறங்கிய அரபுலகம், அனிமேயைத் தன் சொந்த மொழியில் பார்த்துக்கொண்டிருந்த இடம். லெபனானில் அரபுக் குரல் பெற்ற ‘கிரென்டைசர்’ 1979இல் ஒளிபரப்பானது. ஹயாவோ மியசாகியின் ‘ஃபியூச்சர் பாய் கோனன்’ தொடர் குவைத்தில் ‘அத்னான் வ லீனா’ ஆனது. கால்பந்துத் தொடரான ‘கேப்டன் சுபாசா’வின் நாயகன் கேப்டன் மாஜித் என்ற அரபுப் பிள்ளையாகவே மாறினான். டமஸ்கஸின் ஸஹ்ரா மையம் குரல் கொடுத்த தொடர்களை 2000இல் தொடங்கிய ஸ்பேஸ்டூன் அலைவரிசை நாள்முழுதும் காட்டியது. 2004இல் எம்பிசி3 அலைவரிசை வந்தது.

இந்தத் தகவல்கள் கல்முனைக்கு வெளியே உள்ளவை போலத் தோன்றலாம். ஆனால் அரபு வீடுகளில் பிள்ளை வளர்க்கும் வேலைக்குப் போன உம்மாமார் அந்தப் பிள்ளைகளோடு கண்டதும், கடை அறைகளில் தங்கியிருந்த வாப்பாமார் கண்டதும் இவற்றைத்தான். தம் சொந்தப் பிள்ளைகளுக்கு அவர்கள் அனுப்பியது வேறு: கார்கோ பெட்டி. சவர்க்காரம், பால்மா, போர்வை, ஷாம்பு, இவற்றுக்கிடையே ஒரு விளையாட்டுச் சாமான். டீவியும் டெக்கும், பின்னர் டிவிடி பிளேயரும், அதன் பின்னர் மடிக்கணினியும் இவ்வூர்களின் பல வீடுகளுக்குள் நுழைந்தது வளைகுடாப் பணத்தால். படத்தை அனுப்பாமல், படம் பார்க்கும் கருவியை அனுப்பியது வளைகுடா. அதன் பங்கு இந்த வரலாற்றில் உரிய அளவு சொல்லப்படுவதில்லை.

இந்திய டிஷ்

ஜப்பானின் அனிமாக்ஸ் அலைவரிசை 2004 ஜூலையில் இலங்கையையும் உள்ளடக்கிய தெற்காசியாவுக்கு வந்தது. முழுநேர அனிமே அலைவரிசையொன்று இந்நாட்டின் பெயரைச் சொல்லி வந்தது அதுவே முதன்முறை. ஆங்கிலக் குரலில், கட்டணத் தொலைக்காட்சியில் வந்ததால் கரையோரத்தை அது தொட்டது மிகக் குறைவு. அந்த ஆண்டு டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருதுக் கரைகளை அள்ளிக்கொண்டு போன பிறகு அதைப் பற்றிக் கேட்கும் நிலையிலும் யாரும் இருக்கவில்லை. 2017 ஏப்ரலில் இந்தியத் துணைக்கண்டத்தில் அனிமாக்ஸ் நிறுத்தப்பட்டது.

உண்மையில் இவ்வூர்ப் பிள்ளைகளிடம் அனிமேயைக் கொண்டுவந்தது இந்தியத் தமிழ்க் குரல். ஹங்காமா அலைவரிசை 2006இல் ‘ஷின்சான்’ தொடரைத் தொடங்கி, இந்தி, தமிழ், தெலுங்கு மொழிகளில் காட்டியது. ‘டோரேமோன்’, ‘போக்கிமோன்’ ஆகியவையும் தமிழ் பேசின. இந்தியச் செய்மதிகளின் ஒளிபரப்பு எல்லை இலங்கை முழுவதையும் மூடுகிறது. ஆகவே வடக்கிலும் கிழக்கிலும் கூரைக்குக் கூரை இந்திய நிறுவனங்களின் டிஷ்கள் முளைத்தன. பெட்டி இந்திய முகவரி ஒன்றில் பதிவாகியிருக்கும். ஊர்க் கடையொன்று மாதம் தவறாமல் ரீசார்ஜ் செய்து கொடுக்கும். இந்திய உரிமத்தின்படியோ இலங்கைச் சட்டத்தின்படியோ இது முறையான ஏற்பாடன்று. ஆனால் பார்வையாளர் காசு கொடுக்காமல் பார்க்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். காசு கொடுத்தார்கள், அந்தக் காசில் இலங்கை என்ற பெயர் மட்டும் எங்கும் பதியவில்லை. கணக்கில் இல்லாத பார்வையாளருக்காக எந்த நிறுவனமும் உரிமம் வாங்குவதில்லை.

இறுவட்டும் பென் டிரைவும்

வளர்ந்த பிள்ளைகளின் அனிமே வேறு வழியில் வந்தது. ‘நருட்டோ’, ‘டெத் நோட்’, ‘ப்ளீச்’ போன்றவை 2000களின் பிற்பகுதியில் கொழும்பு யூனிட்டி பிளாசா, மஜெஸ்டிக் சிட்டி போன்ற இடங்களின் இறுவட்டுக் கடைகளில் கிடைத்தன. கல்முனைக்கு ரயில் இல்லை. இருப்புப் பாதை மட்டக்களப்போடு நின்றுவிடுகிறது. கொழும்புக்குப் படிக்கவோ வேலைக்கோ போன காக்காமார் இரவு பஸ்ஸில் கொண்டுவந்ததே ஊருக்குள் பரவியது.

பிறகு கொமியுனிகேஷன் கடைகள் அந்தப் பணியை ஏற்றன. போட்டோக் கொப்பி எடுக்கும் மேசைக்கு அருகே ஒரு கணினி. அதில் பெயர்வாரியாக அடுக்கிய கோப்புறைகள். வாடிக்கையாளர் திரையில் விரல் வைத்துக் காட்டுவார், கடைக்காரர் பென் டிரைவைச் செருகிக் கொப்பி பண்ணுவார், பச்சைக் கோடு ஊர்ந்து முடியும்வரை இருவரும் காத்திருப்பர். ஒவ்வொரு கோப்பின் பெயருக்கும் முன்னால், சதுர அடைப்புக்குறிக்குள், எங்கோ ஒரு நாட்டில் இரவிருந்து துணையுரை எழுதிய ரசிகர் குழுவின் பெயர் இருக்கும். 1980களின் நாடாப் பரிமாற்றம் இந்தக் கடை மேசை வரை நீண்டு வந்ததற்கு அந்தப் பெயரே சான்று. துணையுரை ஆங்கிலத்தில் இருந்தது. பாடசாலையில் வராத ஆங்கிலம் அனிமே பார்த்து வந்ததாகச் சொல்லும் இளைஞர்கள் இப்பகுதியில் உண்டு. சிங்களத்தில் துணையுரை எழுதும் ஆர்வலர் கூட்டம் பெரிதாக வளர்ந்தது. தமிழில் அதற்கு இணையாக ஒன்று எழவில்லை.

2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி இத்தகைய பிரதிகள் குற்றமே. அதை மழுப்பிச் சொல்வதில் பயனில்லை. ஜப்பானில் குறைந்த கூலிக்குப் படம் வரைபவருக்கு இதிலிருந்து ஒரு சதமும் போவதில்லை. ஆயினும் சட்டப்படி விற்கும் கடை இல்லாத ஊரில் வாங்குபவரை மட்டும் குற்றம் சாட்டுவது பாதி நியாயம்.

இணைய வழி

2006இல் 3ஜியும் 2013இல் 4ஜியும் இலங்கைக்கு வந்தன. ரீலோட் போட்டு டேட்டா வாங்கும் பழக்கம் பரவப் பரவ, பென் டிரைவின் தேவை குறைந்தது. 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் இலங்கைக்குள் வந்தது. 2006இல் ரசிகர் பதிவேற்றங்களோடு தொடங்கிய க்ரஞ்சிரோல் 2009இல் உரிமம் பெற்ற தளமாக மாறியிருந்தது; 2021இல் சோனி நிறுவனம் அதை 117.5 கோடி டொலருக்கு வாங்கியது. திருட்டுத் தளங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்றான கிஸ்அனிமே 2020 ஆகஸ்டில் மூடப்பட்டது.

இக்கரையோரத்துக்கு உண்மையில் பயன்பட்டவை வேறு இரண்டு. தாய்வானின் மியூஸ் நிறுவனமும் ஹொங்கொங்கின் மீடியாலிங்க் நிறுவனமும் யூடியூபில் நடத்தும் மியூஸ் ஏசியா, ஆனி-வன் ஏசியா ஆகிய அலைவரிசைகள், பல தொடர்களை ஆங்கிலத் துணையுரையோடு இலவசமாக, ஜப்பானில் வெளியாகும் வாரத்திலேயே தருகின்றன. அவற்றின் உரிமப் பரப்பில் தெற்காசியாவும் உண்டு. கடன் அட்டை இல்லாத மாணவர் ஒருவர் சட்டப்படி அனிமே பார்க்க, இக்கரையோரத்தில் இதைவிட நேரான வாசல் திறந்ததில்லை. மங்கா என்ற ஜப்பானியச் சித்திரக்கதை படிப்போருக்கு ஷூயேஷா பதிப்பகத்தின் மங்கா பிளஸ் தளம் 2019 ஜனவரி முதல் அப்படியே உதவுகிறது.

கட்டணத் தளங்களின் சிக்கல், நாட்டில் பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் வெளிப்பட்டது. அவ்வாண்டு மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாயாக இருந்த டொலர், மே மாதத்தில் 360 ரூபாயைத் தொட்டது. 10 டொலர் சந்தா 2,000 ரூபாயிலிருந்து 3,600 ரூபாயானது. மார்ச் இறுதியில் ஒரு நாளில் 13 மணிநேரம் வரை மின்வெட்டும் இருந்தது. அடுப்புக்கு கேஸ் கிடைக்காத வீட்டில் சந்தா முதலில் நிறுத்தப்பட்டதில் வியப்பில்லை.

வாங்குதல்

ஜப்பானிலிருந்து அசல் டிவிடி வரவழைப்பது எப்போதும் வீண் செலவாகவே முடிந்தது. ஜப்பானின் டிவிடி மண்டலம் 2, இலங்கையினது 5. புளூ-ரேயில் ஜப்பான் ஏ, இலங்கை சி. தட்டைப் போட்டால், இது இம்மண்டலத்துக்குரியதல்ல என்ற ஒரு வரி திரையில் நிற்கும். ஜப்பானில் ஒரு தட்டில் இரண்டு அத்தியாயங்களே வைத்து உயர்ந்த விலைக்கு விற்கும் வழக்கமும் இருந்தது. எனவே இங்கே வாங்கல் என்பது பெரும்பாலும் பொருள்களையே குறித்தது.

மங்காப் புத்தகங்களின் ஆங்கிலப் பதிப்புகள் கொழும்பின் பெரிய புத்தகக் கடைகளிலும், பண்டாரநாயக்க ஞாபகார்த்த மண்டபத்தில் செப்டெம்பரில் நடைபெறும் சர்வதேசப் புத்தகக் கண்காட்சியிலும் கிடைக்கின்றன. 2015இல் தொடங்கிய லங்கா காமிக் கான் என்ற ரசிகர் விழாவும் கொழும்பிலேயே நடக்கிறது. கல்முனையிலிருந்து போகிறவருக்கு ஒரு புத்தகத்தின் விலையோடு பஸ் கட்டணமும் சேரும். தராஸ் போன்ற இணையக் கடைகள் வந்தபின் வீட்டுக்கே பார்சல் வருகிறது. ஆனால் அங்கு மலிவாகக் கிடைக்கும் உருவப் பொம்மைகளில் சீனப் போலிகள் ஏராளம். பெட்டியில் தயாரிப்பாளரின் பெயரும் உரிமக் குறியும் இல்லையென்றால் அதைப் போலி என்றே கொள்ளலாம். உருவச் சிலைகளை வீட்டில் வைப்பதை மார்க்க அடிப்படையில் விரும்பாத குடும்பங்கள் இங்கு பல. ஆகவே பிற ஊர் ரசிகரின் அலுமாரியை நிறைக்கும் பொம்மைகளைவிட, புத்தகமும் உடுப்பும் இவ்வூர்களுக்குப் பொருந்திய பொருள்களாக உள்ளன.

தமிழ்க் குரலின் இன்றைய நிலை

2022இல் இந்தியாவின் கார்ட்டூன் நெட்வர்க் ‘டிராகன் பால் சூப்பர்’ தொடரைத் தமிழிலும் ஒளிபரப்பியது. 2023 முதல் க்ரஞ்சிரோல் தமிழ்க் குரல் பதிவுகளைச் சேர்த்து வருகிறது. 2025 செப்டெம்பர் 12 அன்று ‘டீமன் ஸ்லேயர்: இன்ஃபினிட்டி காசில்’ இந்தியத் திரையரங்குகளில் தமிழிலும் வெளியானது. ஷின்சானில் தொடங்கிய குரல் இன்று பெரியவர்களுக்கான அனிமே வரை வளர்ந்துவிட்டது.

ஒளிபரப்பு உரிமம் நாடு நாடாக, மொழி மொழியாகத் தனித்தனியே விற்கப்படுகிறது. தமிழ்க் குரல் பதிவு இருப்பதால் மட்டும் அது இலங்கைக்கு உரியதாகிவிடாது. இங்கிருந்து ஒருவர் கேட்டு வாங்க வேண்டும். சக்தி, வசந்தம், நேத்ரா போன்ற தமிழ்த் தொலைக்காட்சிகள் இந்நாட்டில் உள்ளன. குரல் கொடுக்கும் செலவை இந்திய நிறுவனங்கள் ஏற்கெனவே செய்து முடித்துவிட்ட தொடர்களின் இலங்கை உரிமத்தை அவை கேட்டு வாங்க வேண்டும். பார்வையாளர் இல்லை என்ற காரணத்தைச் சொல்ல முடியாது. மருதமுனையிலிருந்து தெற்கே பொத்துவில் வரை அவர்கள் இருக்கிறார்கள்.