பிறை பார்க்கும் பைனாகுலரும் காவலூர் ஆடியும்

ஷஃபான் 29ஆம் நாள் மாலை. கல்வராயன் மலையின் கிழக்கு அடிவார ஊர்களில் மேற்கு அடிவானத்தை மலையே மறைத்து நிற்கும். அங்கே பிறை தேடுவோருக்குக் கிடைக்கும் நேரம் குறைவு, பிறையின் ஒளியும் குறைவு. அதனால் கருவி எவ்வளவு ஒளியை வீணாக்குகிறது என்பது முக்கியமாகிறது.

தலைகீழாக விழும் பிம்பத்தை நிமிர்த்த, தோள் புடைத்த பழைய வகை பைனாகுலரில் ஒளி நான்கு முறை திருப்பப்படுகிறது. அலுமினியம் பூசிய ஆடி ஒவ்வொரு முறையும் சுமார் 10 சதவீத ஒளியை இழக்கும். உலோகத்தின் எலக்ட்ரான்கள் அதை வெப்பமாக்கிவிடும். நான்கு முறைக்குப் பின் மிஞ்சுவது 66 சதவீதம்தான். ஆகவே ஆடிக்குப் பதில் முப்பட்டகம் வைக்கிறார்கள். கண்ணாடிக்குள்ளிருந்து காற்றை நோக்கிச் செல்லும் ஒளி, சுமார் 42 பாகைக்கு மேல் சாய்வாகப் பட்டால் வெளியேற முடியாது. முழுவதும் உள்ளேயே திரும்பும். பட்டகத்தில் அது 45 பாகையில் படுகிறது. இதுவே முழு அக எதிரொளிப்பு. பட்டகத்தில் நுழையும்போதும் வெளிவரும்போதும் சிறிது இழப்பு உண்டு; அதைக் குறைக்கத்தான் மேற்பூச்சு.

வீட்டிலேயே பார்க்கலாம். கண்ணாடி டம்ளரில் தண்ணீர் நிரப்பி, மேலிருந்து சாய்வாக உட்சுவரைப் பாருங்கள். வெள்ளி பூசியதுபோல் மின்னும். வெளியே ஈர விரலை அழுத்தினால், தொட்ட இடத்தில் மட்டும் ரேகை தெரியும். பட்டகத்தில் அழுக்கு படிந்தாலும் இப்படித்தான் ஒளி கசியும்.

நேர்குழாய் பைனாகுலர்கள் பலவற்றில் பட்டகத்தின் ஒரு முகத்தில் இந்தக் கோணம் வாய்க்காது. அங்கே உலோகப் பூச்சு தேவை. மலிவானவற்றில் அது அலுமினியம். பிறை பார்க்க மட்டும் வாங்குவதென்றால், என் பரிந்துரை பழைய வகையே.

இப்னு அல் ஹைதம் 11ஆம் நூற்றாண்டில் 'கிதாபுல் மனாழிர்' நூலில் ஆடிகளின் எதிரொளிப்பை விரிவாக ஆராய்ந்தார். முழு அக எதிரொளிப்பை கெப்ளர் விவரித்தது 1611இல்.

அப்படியானால் கல்வராயனுக்கு வடக்கே, ஜவ்வாது மலைக் காவலூரில் 1986 முதல் இயங்கும் வைணு பாப்பு தொலைநோக்கியில் ஏன் ஆடி? அதன் விட்டம் 2.34 மீட்டர். அந்த அளவுக்குப் பட்டகம் செய்தால் எடை தாங்காது. ஒளி கண்ணாடியைக் கடக்கும்போது நிறங்களும் பிரியும். ஆடியிலோ பூச்சு முன்புறம் இருப்பதால் ஒளி கண்ணாடிக்குள் நுழைவதே இல்லை. பூச்சு மங்கினால் வெற்றிடக் கலத்தில் வைத்து மறுபடி அலுமினியம் பூசுகிறார்கள். வீட்டுத் தொலைநோக்கியின் ஆடியைத் துணியால் துடைக்காதீர்கள், கீறல் விழும்.

எந்தக் கருவியானாலும், சூரியன் முழுதாக மறையும் முன் மேற்கே திருப்ப வேண்டாம். ஒரு நொடியில் விழித்திரை பாழாகும்.