முன்னாள் ஜனாதிபதிகளின் உபகாரச் சம்பளம் (அமெரிக்க ஐக்கிய நாடுகள்)

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் பதவி நீங்கிய ஜனாதிபதிகளுக்கு அரசாங்கம் ஆயுள் பரியந்தம் வழங்கும் உபகாரச் சம்பளம், காரியாலயம், சிப்பந்திகளின் ஊதியம் ஆகியவை 1958-ஆம் ஆண்டின் முன்னாள் ஜனாதிபதிகள் சட்டத்தை ஆதாரமாகக் கொண்டவை.

பூர்வ நிலை: அச்சட்டம் பிறக்கும் வரை, ஜனாதிபதியாக இருந்தவர் தம் பதவிக்காலம் முடிந்த மறுநாளே சாமானியப் பிரஜையாகித் தம் ஜீவனத்தைத் தாமே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. ஜெபர்சன் 1826-இல் பெருங்கடனோடு மறைந்தார். உள்நாட்டுப் போரின் வெற்றித் தளபதியான கிராண்ட், ஜனாதிபதியாவதற்காகப் படைப் பதவியைத் துறந்தமையால் அதற்குரிய உபகாரச் சம்பளத்தையும் இழந்திருந்தார்; தாம் பங்குகொண்ட வர்த்தக நிறுவனம் 1884-இல் முறிந்து சர்வமும் போனபின், தொண்டைப் புற்றுநோயின் வேதனையினூடே, குடும்பத்தைக் காக்கும் பொருட்டு மார்க் ட்வெய்னின் பதிப்பகத்துக்காகத் தம் நினைவுகளை எழுதி முடித்து, 1885 ஜூலையில் காலமானார். 1912-இல் செல்வர் கார்னகி, முன்னாள் ஜனாதிபதிகளுக்கு ஆண்டுதோறும் 25,000 டாலர் தர முன்வந்தபோது, நாட்டின் தலைமைப் பதவியை வகித்தவர் ஒரு தனவந்தரின் தயவில் வாழ்வதா என்ற ஆட்சேபம் எழ, அப்போதைய ஜனாதிபதி டாப்ட் அதனை ஏற்க மறுத்தார்.

சட்டமும் வளர்ச்சியும்: 1953-இல் பதவி நீங்கிய ட்ரூமன் தம் பொருள் நெருக்கடியைக் நாட்டின் சட்டமன்றமாகிய காங்கிரஸின் தலைவர்களிடம் எடுத்துரைத்ததே சட்டத்துக்கு உடனடிக் காரணமாயிற்று; எனினும் அந்நெருக்கடி அவர் உரைத்த அளவுக்கு இருந்ததில்லை என்று பிற்கால ஆய்வாளர் சிலர் வாதிப்பர். ஐசன்ஹோவர் கையொப்பமிட்ட அச்சட்டம் முன்னாள் ஜனாதிபதிக்கு ஆண்டுக்கு 25,000 டாலரும், அவர் விதவைக்கு 10,000 டாலரும் விதித்தது. பின்னர் இத்தொகை மந்திரிசபைச் செயலாளரின் சம்பளத்தோடு இணைக்கப்பட்டு, இன்று இரண்டு லட்சம் டாலரைக் கடந்துள்ளது. காங்கிரஸின் குற்றவிசாரணையில் தண்டிக்கப்பட்டுப் பதவியிலிருந்து நீக்கப்பட்டவருக்கு இவ்வுரிமை இல்லை. 1974-இல் தாமே ராஜிநாமாச் செய்த நிக்ஸன் அதனை இழக்கவில்லை. தனிச் சட்டத்தின்படி 1965 முதல் ஆயுட்கால மெய்க்காவலும் உண்டு. 1994-இல் வருங்கால ஜனாதிபதிகளுக்கு அது பத்தாண்டுகளாகக் குறைக்கப்பட்டு, 2013-இல் மீண்டும் ஆயுட்காலமாக்கப்பட்டது.

விவாதம்: நூல்களாலும் சொற்பொழிவுகளாலும் முன்னாள் ஜனாதிபதிகள் பெரும்பொருள் ஈட்டும் இக்காலத்தில், வறுமைக்கு அஞ்சி இயற்றிய சட்டத்துக்கு அவசியம் யாது என்ற வினா எழுந்தது. வருமானம் மிகுந்தோருக்கு இச்சலுகைகளைக் குறைக்கும் மசோதாவைக் காங்கிரஸ் நிறைவேற்றியபோதிலும், காரியாலயப் பணியாளரைத் திடீரென நீக்க நேரிடும் என்று காரணங்காட்டி 2016-இல் ஒபாமா அதனை நிராகரித்தமையால், அது சட்டமாகவில்லை.