அழுகை ஓய்ந்த குழந்தை

வைத்தியசாலையில் விடப்பட்ட சின்னஞ்சிறு பிள்ளை முதலில் வீரிட்டு அழும்; சில நாட்களில் ஓய்ந்துவிடும். ஓய்ந்ததும் 'பழகிவிட்டது' என்பார்கள். (சத்தமிடாத மாணவனை நல்ல பிள்ளை என்று மெச்சும் நாம் இதைக் கேட்டு நகைப்பதற்கில்லை.) இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை இங்கிலாந்தின் குழந்தை வாட்டுகளை ஆண்ட நம்பிக்கை இதுதான். பெற்றோரைக் கண்டால் பிள்ளை மீண்டும் அழுகிறது. ஆகவே பெற்றோரைத் தடுப்பதே நலம்! 1949ஆம் ஆண்டளவில், இலண்டன் சென் தோமஸ் வைத்தியசாலையில் முதல் மாதம் முழுவதும் சந்திக்க அனுமதியில்லை. மாலையில் பிள்ளை உறங்கும்போது பார்த்துவிட்டுப் போகலாம்.

ஆயினும், குழந்தைகளின் துயரை விஞ்ஞானம் அதற்கு முன்பே கண்டிருந்தது. வியன்னாவிற் பிறந்து அமெரிக்காவிற் குடியேறிய ரெனே ஸ்பிற்ஸ், பெண்கள் சிறையொன்றில் தாய்மாரின் கையிலே வளர்ந்த குழந்தைகளையும், தூய்மையிற் குறைவற்ற அநாதை இல்லமொன்றின் குழந்தைகளையும் ஒப்பிட்டு 1945இல் எழுதினார். சிறையிலிருந்தவை தழைத்தன, இல்லத்திலிருந்தவை வாடின, பல மாண்டும் போயின. மறு ஆண்டு அவர் வெளியிட்ட கட்டுரை இன்னும் கூர்மையானது. அச் சிறையில் அவதானித்த 123 குழந்தைகளுள், தாயைப் பிரிந்த 19 குழந்தைகளிடம் மனச்சோர்வு தெளிவாகத் தெரிந்தது. அவை அழுதன, பின்னர் எவரையும் நோக்காது முகந்திருப்பிக் கிடந்தன, உடல் மெலிந்தன. சில மாதங்களுள் தாய் திரும்பிவந்தால் தேறின. ஸ்பிற்ஸின் ஆய்வுமுறை பின்னாளிற் கண்டிக்கப்பட்டது உண்மையே. ஆனால் அவர் கண்ட முகங்கள் பொய்யல்ல.

இம் முகங்களை உலகின் கண்முன் நிறுத்தியவர் ஜேம்ஸ் றொபேட்சன். ஸ்கொட்லாந்தின் தொழிலாளர் குடும்பமொன்றிற் பிறந்தவர். யுத்தகாலத்தில் ஆனா பிராய்ட் நடத்திய குழந்தைகள் இல்லத்திற் கொதிகலன் பார்த்தவர். அங்கே எவ்வேலை செய்வோரும் குழந்தைகளைப் பற்றித் தாம் கண்டதைக் குறித்துவைத்தல் வேண்டும். அப் பழக்கமே அவரை ஆய்வாளராக்கியது. 1948இல் ஜோன் போல்பியுடன் இணைந்து வைத்தியசாலைக் குழந்தைகளை அவதானித்த அவர், எதிர்ப்பு, நம்பிக்கையிழப்பு, பற்றறுத்தல் என மூன்று நிலைகளைக் கண்டார். தாதியர் 'பழகிவிட்டது' என்றது இம் மூன்றாம் நிலையையே!

மருத்துவர்கள் அவர் சொல்லை ஏற்கவில்லை. எனவே, முன்பின் படம்பிடித்தறியாத அவர் கமராவொன்றைக் கையிலெடுத்தார். சிறு சத்திரசிகிச்சைக்காக எட்டு நாள் தங்கிய, இரண்டு வயதும் ஐந்து மாதமுமான சிறுமியை நாள்தோறும் படமெடுத்தார். அவள் பெரிதாக அழவில்லை. கரடிப் பொம்மையை இறுகப் பற்றியிருந்தாள். வீடு திரும்பும் நாளில் தாய் நீட்டிய கையைப் பற்ற மறுத்தாள்.

1952இல் இப்படம் மருத்துவர் சபையிற் காட்டப்பட்டபோது பலர் சினந்தெழுந்தனர். படம் திரிக்கப்பட்டதென்றனர், தம் வாட்டில் இவ்வாறு நிகழ்வதில்லை என்றனர். அரசாங்கம் நியமித்த பிளாற் குழு, பெற்றோர் வருகைக்குக் கட்டுப்பாடு வேண்டாமென 1959இல் பரிந்துரைத்தது. பரிந்துரை வந்தும் பல வைத்தியசாலைகள் பழைய மணிக்கணக்கை விடவில்லை. 1961இல் இலண்டனின் பற்றர்சி வட்டாரத்துத் தாய்மார் சிலர், அவ்வறிக்கையை நடைமுறைப்படுத்துமாறு கோரிச் சங்கம் அமைத்தனர்.