கைரேகையும் முதுமையும்

முதுமை என்றவுடன் நரை, திரை, தள்ளாமை ஆகியவை நம் மனத்தில் தோன்றுகின்றன. விரல் நுனியைப் பற்றி எவரும் எண்ணுவதில்லை. ஆயினும், முதியவர் ஒருவர் தமக்குரிய அரிசியையும் உதவித்தொகையையும் பெறுவதற்கு இக்காலத்தில் அவருடைய விரல் நுனியே பலமுறை சாட்சி சொல்ல வேண்டியிருக்கிறது. அச்சாட்சி சில வேளைகளில் பிறழ்ந்தும் விடுகிறது. இந்நிலை எவ்வாறு வந்தது என்பதைச் சரித்திர வழியே சற்று ஆராய்வோம். மாணவ நண்பர்களே! இத்தகைய கருவிகளைச் சமைக்கும் தொழிலுக்கு உங்களிற் பலர் நாளை செல்லக்கூடும் என்பதனால், இதனை உங்களிடம் சொல்ல விரும்புகிறேன்.

1858ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், வங்காளத்து ஜங்கிப்பூரில் வில்லியம் ஹெர்ஷல் என்னும் ஆங்கில அதிகாரி ஒரு புதுமை செய்தார். சாலைக்குக் கப்பி தருவதாக ஒப்பந்தம் எழுதிக் கொடுத்த ராஜ்யதர் கோனாய் என்பவரின் கையில் மை தடவி, அந்த ஒப்பந்தத்தின் பின்புறத்திலே பதிய வைத்தார். கையெழுத்து தம்முடையதன்று எனக் கோனாய் பின்னாளில் மறுக்கத் துணியாதபடி அச்சுறுத்துவதே அதன் நோக்கம். இதை ஹெர்ஷலே பிற்காலத்தில் ஒளிவுமறைவின்றி எழுதியிருக்கிறார். அப்பொழுது அவருக்கு வயது 25.

1877இல் அவர் ஹூக்ளி மாவட்டத்தின் நீதிபதியாக இருந்தார். அங்கே ஓய்வூதியம் வாங்குவோர் இறந்த பின்னரும், அவர்கள் பெயரில் வேறு யாரேனும் வந்து பணம் பெற்றுச் செல்லலாம் என்னும் ஐயம் இருந்தது. எனவே ஓய்வூதியக்காரர்களின் விரல்ரேகையைப் பதிந்துகொள்ளும் வழக்கத்தை ஏற்படுத்தினார். அரசு முதியவரின் விரலைக் கேட்கத் தொடங்கிய கதை இதுதான். வசதி செய்து தருவதற்காக அது கேட்கப்படவில்லை; வந்து நிற்பவர் மெய்யாகவே அவர்தாமா என்னும் சந்தேகத்தினால் கேட்கப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

ரேகை வாழ்நாள் முழுவதும் மாறாது என்று நிறுவியதிலும் ஹெர்ஷலுக்குப் பங்குண்டு. 1859 முதல் 1916 வரை தம் விரல்களையே பதித்துப் பதித்து ஒப்பிட்டுக் காட்டினார். உண்மைதான், ரேகையின் அமைப்பு மாறுவதில்லை. ஆனால் அந்த விரல்கள் பேனா பிடித்த விரல்கள், ஒற்றியது மை, ஒப்பிட்டுப் பார்த்தது பொறுமையுள்ள மனிதக் கண். ரேகை மாறாதென்பது ஒன்று. அதனை ஓர் இயந்திரம் எளிதாகப் படித்துவிடும் என்பது வேறொன்று. முன்னதை நிறுவிய சோதனையைக் கொண்டு பின்னதையும் நம்பிவிட்டோம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இனி நம் மாநிலத்துக்கு வருவோம். 1962 ஏப்ரல் 1ஆம் நாள் சென்னை மாநிலத்தில் முதியோர் உதவித்தொகைத் திட்டம் தொடங்கப்பட்டது. ஆதரவற்ற முதியோருக்குத் திங்கள்தோறும் 20 ரூபாய். பணம் மணியார்டராக வீடு தேடி வந்தது. எழுதப் படிக்கத் தெரியாத பாட்டியாரின் கட்டைவிரலைத் தபால்காரர் மையில் ஒற்றிப் பதிய வைப்பார். ரேகை மங்கலாக விழுந்தாலும் பாட்டியாரைத் தபால்காரருக்குத் தெரியும். அருகில் நின்று சாட்சி சொல்பவருக்கும் தெரியும். அம்முறையிலும் குறைகள் உண்டு. பணம் தாமதமாக வருவதுண்டு; படியாதவரை ஏமாற்றவும் இடமுண்டு. ஆயினும் மங்கிய ரேகைக்காக எவரும் திருப்பி அனுப்பப்படவில்லை.

அதே காலத்தில்தான் சென்னைக்கு மேற்கே ஆவடியும் அம்பத்தூரும் தொழில் நகரங்களாக எழுந்தன. ஆவடிக் கனரக வாகனத் தொழிற்சாலையில் 1965இல் முதல் விஜயந்தா டாங்கி உருவாயிற்று. அம்பத்தூர்த் தொழிற்பேட்டை 1964இல் தோன்றியது. கடைசல் எந்திரத்தில் இரும்பைச் சீவவும், வார்ப்படம் தேய்க்கவும் இளைஞர்கள் வந்து குவிந்தனர். பூவிருந்தவல்லிக்கு மேற்கே செங்கற் சூளைகளில் எத்தனையோ குடும்பங்கள் மண் பிசைந்தன. அன்று இருபது வயதில் வேலைக்கு வந்தவர், இன்று இருப்பாராயின், எண்பதைத் தாண்டியவர். அந்நகரங்களை ஆக்கிய வேலையே அவர் விரல் நுனியையும் தேய்த்தது. மூப்பினால் தோல் மெலிந்து, உலர்ந்து, தன் நெகிழ்வை இழக்கிறது. ரேகையின் மேடுகள் தாழ்ந்துவிடுகின்றன. பாத்திரம் துலக்கியும் துணி துவைத்தும் பிழைத்த பெண்களின் விரலும் இதற்கு விலக்கன்று.

2020 அக்டோபரில் தமிழ்நாட்டு நியாயவிலைக் கடைகளில் விரல்ரேகை பார்த்துப் பொருள் வழங்கும் முறை வந்தது. அம்பத்தூர்ப் பக்கத்துக் கடையொன்றில் மூதாட்டி ஒருவர் வரிசையில் எனக்கு முன்னே நின்றார். கருவியில் விரலை வைத்தார்; ஏற்கவில்லை. முந்தானையில் துடைத்து வைத்தார்; ஏற்கவில்லை. தலைமுடியில் தேய்த்து, எண்ணெய்ப் பசையோடு வைத்தார். பின்னர் ஒவ்வொரு விரலாக மாற்றினார். ஒன்றும் பயனில்லை. “உங்க ரேகை அழிஞ்சு போச்சும்மா, நாளைக்கு வாங்க” என்றார் விற்பனையாளர். அவர் கடுமையாகப் பேசவில்லை; வருத்தத்தோடுதான் சொன்னார். மூதாட்டியோ, “பாழாப்போன கை, என்ன செய்யறது?” என்று தம் கையையே நொந்துகொண்டு சென்றார். கருவியை அங்கே யாரும் குறை சொல்லவில்லை.

இதைத்தான் கவனிக்க வேண்டும். இளைஞன் விரலைக் கருவி படிக்கவில்லையென்றால் கருவி பழுது என்கிறோம். முதியவர் விரலைப் படிக்கவில்லையென்றால் விரல் பழுது என்கிறோம். 1969இல் ராபர்ட் பட்லர் என்னும் அமெரிக்க மருத்துவர், முதியோரைப் பற்றிய இத்தகைய ஓரவஞ்சனைக்குத் தனிப் பெயரே சூட்டினார். தமிழில் அதை வயதுப் பாகுபாடு எனலாம். பாகுபாடு செய்கிறவருக்குப் பகைமை இருக்க வேண்டியதில்லை. முதியோரின் உரிமைக்கென்றே ஒரு கருவியை அமைத்து, அது முதிய விரலைப் படிக்குமா என்று முதலிற் பாராதிருந்தாலே போதும்.

மாற்று வழிகள் இல்லாமலில்லை. வரவியலாத முதியவர் படிவம் எழுதிக் கொடுத்து வேறொருவரை அனுப்பலாம். கைப்பேசிக்கு வரும் எண்ணைச் சொல்லலாம். ஆனால் அந்தக் கைப்பேசி பெரும்பாலும் மகனுடைய சட்டைப் பையில் இருக்கிறது. 2023 முதல் கருவிழியைப் பார்க்கும் கருவியும் கடைகளுக்கு வந்தது. கண்புரை அறுவை செய்துகொண்டவர்களிடம் அதுவும் சிலவேளை தடுமாறுவதுண்டு.

ஆவடித் தொழிற்சாலைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களுக்கோ ஆண்டுதோறும் நவம்பரில் மற்றொரு சோதனை. தாம் உயிரோடிருப்பதை அவர்கள் மெய்ப்பிக்க வேண்டும். ஹூக்ளியில் 1877இல் எழுந்த அதே ஐயந்தான். 2014 நவம்பரில் இச்சான்றை விரல்ரேகை மூலம் கணினி வழியே அளிக்கும் ஏற்பாடு வந்தது. 2021இல் முகத்தைக் காட்டினாலும் போதும் என்றாயிற்று. முகத்தைப் பார்த்து ஆளை அறிந்தவர் அந்தப் பழைய தபால்காரர்!

2025 ஆகஸ்ட் 12ஆம் நாள் தாயுமானவர் திட்டம் தொடங்கப்பட்டது. எழுபது வயதைக் கடந்தோருக்கு நியாயவிலைப் பொருள்களை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுக்கும் திட்டமாக அது தொடங்கியது. வரிசையில் நிற்கும் துன்பம் அவர்களுக்கு நீங்கியது. எண்பது வயதுக் காலுக்கு அது பெரிய உதவி. அரிசி மூட்டையோடு எடைக் கருவி வண்டியில் வருகிறது. விற்பனைக் கருவியும் உடன் வருகிறது.