ஆடலும் ஆடையும்



"ஆள் பாதி, ஆடை பாதி" என்பது நாம் அடிக்கடி கேட்கும் பழமொழி. ஆடற்கலைக்கு இது எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைச் சற்று ஆராய்வோம்.

பள்ளி ஆண்டு விழாவிலே பரதநாட்டியம் ஆடும் சிறுமியை நீங்கள் கண்டிருப்பீர்கள். முன்புறத்தில் விசிறிபோல் விரியும் மடிப்பு, பளபளக்கும் சரிகைக் கரை, காலிலே சலங்கை. இக்கோலம் சோழர் காலந்தொட்டு மாறாமல் வந்தது என்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அதுவன்று. தைத்து அணியும் இவ்வுடைக்கு வயது ஏறத்தாழத் தொண்ணூறுதான். அது உருப்பெற்ற இடமும் தொலைவில் இல்லை. தாம்பரத்துக்கு வடகிழக்கே உள்ள அடையாறுதான்.

அதற்கு முன்பு இக்கலை 'சதிர்' என வழங்கிற்று. கோயிலிலும் அரசவையிலும் அதனைத் தலைமுறை தலைமுறையாகக் காத்து வந்தோர் தேவதாசியர் குலப் பெண்டிர். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படங்களில் அவர்தம் உடையைக் காணலாம். காலோடு ஒட்டிய பைஜாமா போன்ற உடைமேல் நீண்ட சேலையைச் சுற்றி, முன்புறம் மடிப்புகளைத் தொங்கவிட்டிருப்பர். தையல் குறைவு, கட்டும் திறமே மிகுதி.

1933-ஆம் ஆண்டு சென்னை மியூசிக் அகாடமியில் நடந்த சதிர்க் கச்சேரி ஒன்றைக் கண்டு, ருக்மிணி தேவி அருண்டேல் பெரிதும் ஈர்க்கப்பட்டார். பின்னர்ப் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் அக்கலையைப் பயின்றார். அதற்கு முன்பே ருசிய நாட்டு ஆடலரசி அன்னா பாவ்லோவாவின் நட்பைப் பெற்று, பாலே நடனமும் கற்றவர் அவர். மேடையில் உடைக்கும் ஒளிக்கும் உள்ள மதிப்பை அவர் நேரிற் கண்டிருந்தார். 1935 டிசம்பரில், பிரம்ம ஞான சபையின் வைரவிழாவின்போது, அடையாற்றில் அவர் முதன்முறையாகப் பொதுமக்கள்முன் ஆடினார். மறு ஆண்டு, 1936-இல், கலாக்ஷேத்திரத்தை நிறுவினார்.

கோயிற் சிற்பங்களை நோக்கி அவர் உடையைத் திட்டமிட்டார். மேடம் கசான் என்னும் இத்தாலியத் தையற்கலைஞர் அதனை உருவாக்கத் துணைபுரிந்தார். தமிழ்நாட்டுச் சேலையும் ஐரோப்பியக் கத்தரிக்கோலும் கைகோத்துப் பெற்ற குழந்தையே இன்றைய நாட்டிய உடை எனலாம்.

அதன் அமைப்பிலே ஒரு நுட்பம் உண்டு. பரதநாட்டியத்தின் அடிப்படை நிலை அரைமண்டி. முழங்கால்கள் இருபுறமும் விலகி மடிய, உடல் தாழ்ந்து நிற்கும். இறுகச் சுற்றிய சேலை இந்நிலையில் காலைத் தடுக்கும். தளர்ந்த சேலையோ அவிழும். தைத்த உடையில் விசிறி மடிப்பு இரு கால்களுக்கும் இடையே பொருத்தப்பட்டிருக்கிறது. ஆடுபவர் நிமிர்ந்தால் அது மூடுகிறது. அரைமண்டியில் அமர்ந்தால் விரிகிறது. ஆகவே அது வெறும் அலங்காரமன்று. கால் சரியாக விலகியுள்ளதா என்பதைக் காண்போர்க்குக் காட்டிக் கொடுக்கும் அளவுகோலும் ஆகும். மேலும், கலாக்ஷேத்திரத்திலேயே நெசவுப் பிரிவும் தொடங்கப்பெற்று, பழைய கரைகளும் வண்ணச் சேர்க்கைகளும் மீண்டும் தறியேறின.

இம்மாற்றத்தை எல்லோரும் ஏற்றனர் என்று கருதிவிடாதீர்கள். வீணை தனம்மாளின் பேர்த்தியாகிய தஞ்சாவூர் பாலசரஸ்வதி, சேலையைச் சுற்றி உடுத்தும் மரபிலேயே நின்று ஆடி, உலகப் புகழ் பெற்றார். 1975-இல் தமிழ் இசைச் சங்கத்தில் ஆற்றிய தலைமையுரையில், இக்கலைக்குப் புதிதாக எவரும் தூய்மையூட்ட வேண்டியதில்லை என்று அவர் உறுதிபட உரைத்தார். இருவர் பக்கத்திலும் நியாயம் உண்டு. புதிய உடையைப் போற்றும் நாம், பழைய உடையில் ஆடி இக்கலையை அழியாமற் காத்தவர்களை மறத்தல் நன்றியன்று.

இனிக் காலுக்கு வருவோம். நம் ஆடலில் காலணி இல்லாதது ஏன்? மேடையை வணங்கிக் கால் வைக்கும் மரபு ஒரு காரணம். கலைக் காரணமும் உண்டு. தட்டடவில் முழுப் பாதமும் தரையை அறைகிறது. நாட்டடவில் குதிகால் ஊன்றுகிறது. குத்தடவில் முன்பாதத்தில் எழும்பிக் குதிகாலைத் தட்டுகிறோம். பாதமே இங்கு ஒரு தாளக் கருவி. அதற்கு உறை போட்டால் ஒலி மங்கும். அவ்வொலிக்குத் துணையாகத் தோற்பட்டையிலோ கயிற்றிலோ கோத்த சலங்கை ஒலிக்கிறது.

இதற்கு நேர்மாறான ஓர் ஆடலையும் பாருங்கள். தென்னமெரிக்காவில் புவெனோஸ் ஐரிஸ், மொண்டெவிடியோ ஆகிய நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றியது டாங்கோ. 2009-இல் யுனெஸ்கோ அதனை மனிதகுலத்தின் மரபுச் செல்வங்களுள் ஒன்றாக ஏற்றது. ஆணும் பெண்ணும் அணைத்து நின்று ஆடும் அந்நடனத்தில் பாதம் தரையை அறைவதில்லை. வழுக்கிச் செல்கிறது, முன்பாதத்தின்மேல் சுழல்கிறது. ஆதலால் அங்கே காலணி இன்றியமையாதது. அதன் அடிப்பாகம் வழவழப்பான தோலாக இருக்க வேண்டும். இரப்பர் அடியோ தரையைப் பற்றிக்கொள்ளும். உடல் திரும்ப, பாதம் திரும்பாமல் நின்றால் முழங்காலுக்குத் துன்பம். முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு இந்நடனம் பாரிசில் பரவியபோது, காலை இறுக்கிய அக்காலப் பாவாடைகள் தடையாயின. அடியெடுத்து வைக்க வசதியாகப் பிளவுற்ற பாவாடைகள் வழக்கிற்கு வந்தன. அரைமண்டிக்கு விசிறி மடிப்பு எப்படியோ, டாங்கோ நடைக்குப் பிளவு அப்படி.

காலணித் தோலுக்கும் நம் வட்டாரத்துக்கும் தொடர்பு உண்டு. தாம்பரத்தில் மின்சார இரயிலேறி வடக்கே சென்றால் விரைவில் குரோம்பேட்டை வரும். முன்பு தமிழ்நாட்டில் தோலைப் பதனிட ஆவாரம்பட்டையே பெரிதும் பயன்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்னும் ஆங்கிலேயர் குரோமிய உப்பால் பதனிடும் முறையைச் சென்னையில் சோதித்துப் பரப்பினார். அம்முறையில் பல்லாவரத்தை அடுத்து நடந்த குரோம் தோல் தொழிற்சாலையே ஊருக்குப் பெயர் தந்தது.

இவற்றால் நாம் அறிவது யாது? ஆடையை ஆணையிடுவது ஆடலே. எது தொன்மையானது, எது விலையுயர்ந்தது என்று கேட்பதைவிட, எது ஆடலுக்கு உதவும் என்று கேட்பதே அறிவுடைமை. மேடைக்கு உடை தேர்ந்தெடுக்கும்போது அதனை அணிந்து அரைமண்டியில் அமருங்கள்; கையை உயர்த்துங்கள்; ஒருமுறை குதியுங்கள். எங்கும் இறுகாமலும் அவிழாமலும் இருந்தால் அதுவே நல்ல உடை. பட்டுத்தான் வேண்டும் என்பதில்லை. பருத்திச் சேலையிலும் விசிறி விரியும். பட்டுடைக்குப் பணமில்லை என்ற காரணத்தால் ஆடத் தெரிந்த ஒரு சிறுமியைப் பின்வரிசையில் நிறுத்தும் பள்ளி, ஆடையை மதித்து ஆடலை இகழ்ந்ததாகும். ஆடை பாதி என்பது உண்மையாயினும், மற்றப் பாதியைக் கடையில் வாங்க இயலாது; பயிற்சியால்தான் பெற இயலும்.