வாசிப்பைக் கேட்கும் செவி: ஜொகூர்த் தமிழ் இளையோரும் கணினி ஆசானும்

ஒரு பிள்ளை உரக்க வாசிக்கும்போது அருகிருந்து கேட்பவர் யார் என்னும் வினாவைப் பற்றிக்கொண்டு சென்றால், மலாயாத் தமிழ்க்கல்வியின் வரலாறு சற்று வேறாகத் தெரிகிறது. பள்ளிகளின் எண்ணிக்கையையும் சட்டங்களின் ஆண்டுகளையும் நாம் பலமுறை பேசியிருக்கிறோம். வாசிப்பைக் கேட்ட செவிகளைப் பற்றி அவ்வளவாகப் பேசியதில்லை. இன்று அவ்விடத்தில், திரையில் அசைந்து பேசும் ஓர் உருவம் வந்து அமர்ந்துள்ளது.

திண்ணைப் பள்ளியில் ஆசிரியர் ஒருவர், பிள்ளைகள் பலர். ஆகவே இளையவன் பாடம் ஒப்பிப்பதைக் கேட்டுத் திருத்தும் பொறுப்பு மூத்த மாணவனாகிய சட்டாம்பிள்ளையைச் சேர்ந்தது. 1789இல் சென்னை எழும்பூரில் ஆண் அனாதைகள் காப்பகத்தை ஏற்ற ஆண்ட்ரூ பெல், நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதக் கண்டார். மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாட்டைத் தம் காப்பகத்தில் நடத்தி, 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட்டார். 'மதராஸ் முறை' என்ற பெயரில் அது இங்கிலாந்தெங்கும் பரவியது. நம் திண்ணையிலிருந்து போன சரக்கு அயல்நாட்டு முத்திரையுடன் திரும்பி வந்தது என்று சொன்னால் மிகையாகாது.

மலாயாவில் தமிழ்க்கல்வியின் தொடக்கமாக, 1816இல் பினாங்கு ஃபிரீ ஸ்கூலில் நடந்த தமிழ் வகுப்பைக் குறிப்பிடுவது வழக்கம். ஜொகூரின் கதை பிந்தியது. 1909இல் இருப்புப்பாதை ஜொகூர் பாரு வரை முழுமை பெற்றபின், கூலாய், குளுவாங், லாபிஸ், சிகாமட் வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்கள் பெருகின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் உள்ள தோட்டத்தில் பள்ளி வேண்டும் என்ற 1912ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் கூட்டு மலாய் மாநிலங்களுக்குரியது. ஜொகூர் அவற்றுள் ஒன்றன்று. தோட்டத்துப் பள்ளிகள் பெரும்பாலும் ஓரறை, ஓராசிரியர் என்ற அளவில் நின்றன. பன்னிரண்டு வயதில் பலர் பால்மரக் காட்டுக்குப் போயினர். ஆதலின் பதின்ம வயதினரின் வாசிப்புக்குப் பள்ளிக்கு வெளியேதான் இடம் கிடைத்தது. 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய தமிழ் முரசு, பாலம் கடந்து ஜொகூருக்கும் வந்தது. 1950களில் அவ்விதழின் மாணவர் மணிமன்றம், படித்ததை எழுதிப்பார்க்கும் இளையோருக்கு ஒரு செவியாக இருந்தது. அச்செவி தொலைவில் இருந்தது. ஆனால் மறுமொழி தந்தது.

விடுதலைக்குப் பின் அமைந்த கல்வி ஏற்பாட்டில் தமிழ்ப்பள்ளி ஆறாண்டுகளுடன் முடிகிறது. இடைநிலைப்பள்ளியில் பயிற்றுமொழி மலாய். குறைந்தது 15 மாணவரின் பெற்றோர் கேட்டால் தாய்மொழி வகுப்புக்கு வழியுண்டு. சிறு பட்டணங்களில் அந்தப் பதினைந்தாவது மாணவனைத் தேடுவதே ஆசிரியருக்கு ஒரு வேலை. பொதுவான வாசிப்பு நிலையும் தளர்ந்துள்ளது. 15 வயதினருக்கான பீசா தேர்வின் வாசிப்புப் பகுதியில் மலேசியா 2018இல் 415 புள்ளிகளும் 2022இல் 388 புள்ளிகளும் பெற்றது; 2022இல் ஓ.இ.சி.டி. நாடுகளின் சராசரி 476.

இனி இயந்திரத்துக்கு வருவோம். பிள்ளை உரக்க வாசிப்பதைக் கேட்டுத் திருத்தும் கணினியை 1990களில் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் ஜாக் மோஸ்டோ குழுவினர் உருவாக்கினர். 2019இல் கூகுள் இந்தியாவில் 'போலோ' செயலியை வெளியிட்டது. அதில் 'தியா' என்னும் அசைவோவியப் பெண் உடனிருந்து திருத்துவாள். 2020இல் 'ரீட் அலாங்' என்ற பெயரில் உலகெங்கும் சென்றபோது தமிழும் அதில் இருந்தது. தமிழ்ப் பிள்ளையின் குரலை ஓர் இயந்திரம் செவிமடுப்பது சிறிய செய்தியன்று.

ஆயினும் அது தொடக்கநிலைப் பிள்ளைகளுக்கான கருவி. தமிழில் எழுத்தைக் கூட்டி ஒலிப்பது ஒப்பீட்டளவில் விரைவில் கைவரும். 'வந்திலன்' என்ற சொல்லைப் பிழையின்றி ஒலிக்கும் பதினான்கு வயது மாணவனுக்கு, அவன் வந்தானா வரவில்லையா என்பது தெரியாமல் இருக்கலாம். பேச்சுத் தமிழுக்கும் நூல் தமிழுக்கும் உள்ள இடைவெளியில்தான் நம் இளையோர் இடறுகின்றனர். ஒலியை மட்டும் அளக்கும் செவிக்கு இது கேளாது.

இவ்வயதினருக்கு ஏற்றதாக நாம் கருதுவது, டேனியல் மெக்னமாரா குழுவினர் அமெரிக்காவில் 2000களின் தொடக்கத்தில் உருவாக்கிய 'ஐஸ்டார்ட்' என்னும் ஆங்கிலத் திட்டத்தின் வழியாகும். திரையில் ஓர் ஆசிரியர் உருவமும் மாணவ உருவங்களும் உரையாடும். வாசிப்பவன் முதலில் அவ்வுரையாடலைக் கவனிக்கிறான். பின்னர் ஒவ்வொரு வாக்கியத்தையும் தன் சொற்களில் விளக்கித் தட்டச்சிடுகிறான். அவன் மூலத்தை அப்படியே திருப்பிச் சொன்னானா, முன் வாக்கியத்தோடு இணைத்தானா, தான் அறிந்ததைச் சேர்த்தானா என்று கணினி மதிப்பிட்டு மறுமொழி தரும். மற்றொரு மாணவன் கற்பதைப் பார்த்துக் கற்பது நமக்குப் புதிதன்று. சட்டாம்பிள்ளை திரைக்குள் புகுந்திருக்கிறார், பிரம்பின்றி.

இதனைத் தமிழில் அமைக்க, நம் மாணவர் எழுதிய விளக்கங்கள் ஆயிரக்கணக்கில் வேண்டும். ஜொகூர் மாணவனின் விளக்கத்தில் மலாய்ச் சொல் கலந்திருக்கும். பேச்சு வழக்கும் நுழையும். அதைத் தூய்மைக் குறையென்று தள்ளும் கருவி, அவன் புரிந்துகொண்டதையும் சேர்த்துத் தள்ளிவிடும். தமிழகத்துத் தரவை மட்டும் கொண்டு பழக்கிய இயந்திரம் இப்பிழையைச் செய்யும் என்றே அஞ்சுகிறோம்.

கணினித் தமிழில் இவ்வட்டாரம் பிறர் கைபார்த்து நின்றதில்லை. சிங்கப்பூரில் ஆசிரியப் பயிற்சியாளராயிருந்த நா. கோவிந்தசாமியும், 'முரசு அஞ்சல்' தந்த மலேசியரான முத்து நெடுமாறனும் முன்னின்று உழைத்தனர். 2001இல் தமிழ் இணைய மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. இப்போது வேண்டியிருக்கும் மூலப்பொருள் ஜொகூர் இடைநிலைப்பள்ளித் தமிழாசிரியரின் மேசையிலேயே இருக்கிறது: கருத்துணர்தல் வினாக்களுக்கு மாணவர் எழுதிய விடைகள், சிவப்பு மையில் திருத்தங்களுடன். ஆண்டிறுதியில் அவை பெரும்பாலும் பழைய தாளோடு எடைக்குப் போகின்றன.